ராகு காலத்தில் பஸ் காலியாக இருக்கும்

கண்ணு,

எனக்கு உடம்பு சரியில்லையாம். செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பிரித்துப் படித்தபோதுதான் எனக்கே அது தெரியவந்தது. ஓசூர் கம்பெனியிலிருந்து உன் பேருக்கு வந்த கடிதம். உனக்கு வருகிற தபாலை நான் பிரிக்கிறவள் இல்லை. நீ அடி அண்ணாமலையில் மாமா கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருக்கிறாய், அவசரமாக இருந்தால் ஆள் அனுப்ப வேண்டுமே என்றுதான் பிரித்தேன். என் பழைய எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் அன்றைக்கு உதவியது. உங்கள் தாயாரின் உடல்நிலை மோசமாக இருப்பதாக நீங்கள் எழுதியதால் ஒரே ஒரு முறை அவகாசம் தருகிறோம், வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேராவிட்டால் இந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அப்போதுதான் நான் தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. உடல்நிலை மோசமான தாயார்!

கோபம் தலைக்கேறியது. பால்காரரிடம் சொல்லி அனுப்பினேன், கம்பெனி லெட்டர் வந்திருக்கிறது, திங்கட்கிழமைதான் கடைசி, உடனே கிளம்பி வா என்று. மறுநாள் அவர் உன் பதிலைக் கொண்டுவந்தார். "சனிக்கெழமை சாயந்திரம் வரானாம். தீபம் கழிச்சி போனாக்கூட சேத்துக்குவாங்களாம், நீ ஒண்ணும் கவலப்பட வேணாம்னு சொல்லச் சொன்னான்." எனக்கு இந்த 'தீபம் கழிச்சி'யைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் கார்த்திகை தீபம்வரை இந்த ஊரில் சுவருக்கு வெள்ளை அடிப்பதைத் தவிர வேறு வேலை நடக்காது. பல் வலியா, தீபம் கழிச்சி. கூரை ஒழுகுகிறதா, தீபம் கழிச்சி. தீபம் கழிந்தால் மார்கழி வந்துவிடும், மார்கழியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. பிறகு பொங்கல். மலையைச் சுற்றி வருகிறவனாவது புறப்பட்ட இடத்துக்கு வந்து சேருவான். தள்ளிப் போடுகிறவன் புறப்படவே மாட்டான்.

நேரில் சொன்னால் சிரித்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. பக்கத்து வீட்டு சரோஜாக்கா கையில் கொடுத்துவிட்டுப் போவேன். அவள் படிக்காமல் இருக்க மாட்டாள், அவள் படித்தால் தெருவே படித்த மாதிரி. படிக்கட்டும். இதில் பாதி என் மேல் நானே சொல்லிக்கொள்கிற குற்றம். அதைத் தெருவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சரோஜாக்கா நேற்றுக்கூடக் கேட்டாள். "உம் புள்ள எப்பதான் கெளம்பறான்? அவன் பை ஒம்போது நாளா எங்க வூட்ல குந்திக்கினு கீது." எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. போன வாரம் புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து நீயே கொண்டுபோய் வைத்த பை அது. பரஸ்தானம். ஊருக்குப் போக வேண்டியவன் நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால் தன் பையை மட்டும் அந்த நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவான். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நேரத்திலும் கிளம்பலாம். மூன்று நாளைக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிளம்பாவிட்டால் பையை எடுத்துவந்து, இன்னொரு நல்ல நேரம் பார்த்து மறுபடியும் வைக்க வேண்டும். நீ புதன்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கூப்பிட்டுத் தடுக்க எனக்கு முகமில்லை. ஏனென்றால் இந்த வித்தையை இந்த வீட்டில் முதலில் செய்து காட்டியவள் நான்தான். உனக்கு அப்போது ஐந்து வயது.

எழுபத்து மூன்றாம் வருஷம். எனக்கு இருபத்து மூன்று. கிராம சேவிகா பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தேன். வேலூருக்குப் போய் நேர்முகம் முடித்துவிட்டு வந்தேன், இடமும் கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், முடித்தால் அரசாங்க வேலை. ரைஸ் மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த உன் அப்பா அந்தக் கடிதத்தை மில்லில் இருந்த எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். பச்சைக் கலரில் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். "பையன நான் பாத்துக்கறேன். உன் தங்கச்சிய நாலு நாளைக்கு ஒரு தரம் வந்து போவச் சொல்லு, போதும். நீ போ" என்றார். இந்த வார்த்தையைக் கவனித்துப் படி. நீ போ என்றுதான் சொன்னார்.

நாள் பார்த்தது நான். காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சேர வேண்டிய தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. புதன்கிழமை பெட்டியை சரோஜாக்கா வீட்டில் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது எப்படி இருந்தது தெரியுமா, வேலூருக்கே போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மூன்று நாள் போனது. அஷ்டமி, நவமி என்றேன். பெட்டியை எடுத்துவந்து அடுத்த நல்ல நேரத்தில் மறுபடி வைத்தேன். உனக்குச் சளி பிடித்தது. வெறும் சளி. அதை நான் காய்ச்சல் ஆக்கினேன். மூன்றாவது தடவை வைத்தபோது தீபம் வந்துவிட்டது, அடி அண்ணாமலையிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து இறங்குவார்கள், அவர்களுக்கு யார் ஆக்கிப் போடுவது என்றேன். சரோஜாக்கா வீட்டில் என் பெட்டியின் மேல் அரிசி டின்னை ஏற்றி வைத்துவிட்டார்கள். ஏதோ அவர்கள் வீட்டுச் சாமான் மாதிரி அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

சேர வேண்டிய கடைசி நாள் தீபத்துக்கு முந்தின நாள். அன்றைக்கு நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயந்திரம் மலைமேல் தீபம் ஏறியது. தெரு முழுக்க ஜனங்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அரோகரா என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை கண்ணு. அப்பாடா என்று இருந்தது. இனி யாரும் என்னைப் போகச் சொல்ல முடியாது, தேதி போய்விட்டது. இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். வேலூர் நேர்முகத்தில் வந்திருந்த மற்ற பெண்கள் கடகடவென்று பேசினார்கள், நான் உட்காரச் சொன்னதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். அவர்களோடு ஒரு வருஷமா என்று பயந்துவிட்டேன். அதுதான் காரணம். அஷ்டமியும் இல்லை, உன் சளியும் இல்லை.

ஆனால் நான் எல்லோரிடமும் என்ன சொன்னேன்? "அஞ்சு வயசுப் புள்ளய வுட்டுட்டு எப்படிங்க போறது?" தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், உன் பள்ளிக்கூட டீச்சரிடம் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வளர்ந்தாய். உன்னால்தான் அம்மா படிக்காமல் போனாள் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள், "எனக்காகத்தானம்மா நீ போவல?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைவிடக் கேவலமான பொய் இருக்க முடியாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அப்பாவுக்கு நான் செய்தது இன்னும் மோசம். என் தங்கையிடம் ஒரு தடவை, "அவரும் ஒத்துக்கலடி" என்று சொல்லிவிட்டேன். பேச்சுவாக்கில் வந்துவிட்டது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. மனைவியைப் படிக்க விடாத மனுஷன் என்று என் சொந்தம் முழுக்க அவரைப் பற்றிப் பேசியது. அவர் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு நாள், சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார், "நான் எப்ப உன்ன போவாதன்னு சொன்னேன்?" நான் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நல்ல சமயம் வரட்டும் என்று நினைத்தேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது தெருவுக்குச் சொல்கிறேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. யாருமே என்னைத் தடுக்கவில்லை.

இப்போது நீ என்ன செய்கிறாய்? நான் உன்னை வைத்துச் சொன்ன அதே சாக்கை நீ என்னை வைத்துச் சொல்கிறாய். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாய், உன் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்கிறாய். ஊரில் உனக்கு நல்ல பேர், தங்கமான பிள்ளை என்று. எனக்கு வேண்டாம் அந்தத் தங்கம். கம்பெனிக்கு எழுதும்போது வெறும் தனிமை போதாது என்று வியாதியும் சேர்த்துவிட்டாய். அடுத்த அவகாசத்துக்கு என்னைக் கொன்றுவிடுவாய் போலிருக்கிறது.

உன்னைச் சோம்பேறி என்று உன் மாமா சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்து மல்லாட்டை பிடுங்குகிறவன் சோம்பேறியா? யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தல் போடுவதிலிருந்து பாத்திரம் திருப்பிக் கொடுப்பதுவரை நீதான். உன் வேலை ஒன்றைத் தவிர உலகத்து வேலை எல்லாம் செய்வாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம் தீபத்துக்கு நான் முப்பது பேருக்குச் சமைத்தேன். வேலூருக்குப் போகாதவள் அதைவிட நாலு மடங்கு பாடுபட்டாள். ஓடிக்கொண்டே இருந்தால் போகவில்லை என்பது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. ஓசூர் நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்து நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அங்க எல்லாரும் ஷூ போட்டுக்கினு இருந்தாங்கம்மா." அன்றைக்கு நீ சரியாகச் சாப்பிடவில்லை. அங்கேதான் உனக்கு முடிச்சு விழுந்தது. பிறகு நீயும் ஷூ வாங்கினாய், பாலிஷ் போட்டாய், பையில் வைத்தாய், பையைச் சரோஜாக்கா வீட்டில் வைத்தாய். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பின திருப்தியைக் கொடுத்துவிட்டது. அந்தத் திருப்தியைத் தின்றே வயிறு நிறைந்துவிடும், பிறகு எதற்குப் போக வேண்டும்?

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நீ சிரித்தாலும் சரி. ஆறு மாசத்துக்கு முன்னால் பால்வாடி ஆசிரியை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தேன். வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும், எனக்கு முப்பத்தொன்பது. வழக்கம்போலக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். பதினோரு நாள் அங்கேயே இருந்தது. நிரப்ப மனசு வரட்டும் என்று பார்த்தேன், அது வருவதாக இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தேதி கிழிக்கப் போனபோது விண்ணப்பம் காலில் விழுந்தது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். எனக்கு என்னவோ வெறி வந்துவிட்டது. நல்ல நேரத்தில் மூன்று தடவை கிளம்பி உருப்படாதவள், கெட்ட நேரத்தில் ஒரு தடவை கிளம்பித்தான் பார்க்கலாமே என்று உட்கார்ந்து நிரப்பினேன். அப்படியே எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். ஒரு ஜனம் இல்லை அங்கே. மற்ற நேரத்தில் வாசல்வரை வரிசை நிற்குமாம். அந்தக் கிளார்க் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ராகு காலம்மா. நாலரைக்கு மேல குடுங்களேன்." நான் சொன்னேன், "நாலரைக்கு மேல எனக்கு மனசு மாறிடுங்க சார். இப்பவே வாங்கிக்குங்க." அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். திரும்பி வரும்போதுதான் நான் அவ்வளவு நாளாகக் காத்திருந்த மனசு வந்து சேர்ந்தது. முதலில் கால் போக வேண்டியிருந்தது, அது பின்னாலேயே வந்தது.

அன்றிலிருந்து ராகு காலத்தை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள், எதையும் கேட்க மாட்டார்கள், எதற்கும் கூப்பிட மாட்டார்கள். ஊரே ஒதுக்கி வைத்த நேரம், தினமும் சும்மா கிடந்தது. உன் பழைய நோட்டுகளின் மிச்சப் பக்கங்களில் எழுதிப் பழகினேன், பேப்பர் படித்தேன், நேர்முகத்தில் கேட்பார்களே என்று கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். பல நாள் தூக்கம்தான் வந்தது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. நீ பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கணக்கு எழுதறியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். இப்போதும் வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் மணி, ராகு காலத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. காஞ்சிபுரத்தில் மூன்று மாசப் பயிற்சி, பிறகு எந்தக் கிராமத்தில் போட்டாலும் போய்விடுவேன். உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்த வயசுல எதுக்கும்மா என்று கேட்டிருப்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் சொல்லவில்லை. இந்த வீட்டை மாசக் கடைசியில் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சாமானை எடுத்துப் போக மாமாவை வண்டி கட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்புவேன். உன் கம்பெனிக்கும் புதன்கிழமையே ஒரு கடிதம் போட்டுவிட்டேன், இங்கிலீஷில், நானே எழுதி. எனக்கு முழுவதும் குணமாகிவிட்டது, என் மகன் திங்கட்கிழமை வந்து சேருவான் என்று. எழுத்துப் பிழை இருக்கும். இருக்கட்டும், அவர்களுக்குப் புரியும். இனி நீ தனியாக விட்டுப் போவதற்கு இங்கே அம்மாவும் இல்லை, வீடும் இல்லை.

கல் நெஞ்சக்காரி என்று தெரு சொல்லும். மாமா உன்னைவிட ஜாஸ்தி கோபப்படுவார். படட்டும். நீ ஓசூருக்குப் போகாவிட்டாலும் என் மகன்தான், எனக்கு எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே வா, சோறு போடுகிறேன். ஆனால் அம்மாவுக்காக இருந்துவிட்டேன் என்று மட்டும் எவரிடமும் சொல்லக் கூடாது. சொன்னதாகக் காதில் விழுந்தால் அங்கேயே வந்து நின்று பொய் என்று சொல்வேன். பயமாக இருந்தது, போகவில்லை என்று சொல். அது நிஜம். நிஜத்தைச் சொன்னவன் அடுத்த தடவையாவது போய்விடுவான். என்னைப் போலப் பதினாறு வருஷம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் என்பாய். ஓசூர் மேற்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை கிழக்கே சூலம், நான் கிழக்கே போகிறேன். வந்தவாசி வழியாகப் போகும் ஒன்பதே கால் பஸ். ராகு காலம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். உன் திங்கட்கிழமை எட்டு மணியும் ராகு காலம்தான், நான் பார்த்துவிட்டேன். அங்கே அதற்காகச் சங்கு ஊதாமல் இருக்க மாட்டார்கள். டப்பாவில் பொரிவிளங்காய் உருண்டை செய்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே தின்றுவிடாதே, அறையில் கூட இருக்கிற பையன்களுக்கும் கொடு. அவர்கள் பிறந்தபோதே ஷூ போட்டுக்கொண்டு பிறந்தவர்கள் இல்லை.

இன்னும் ஒன்று. என் பயிற்சியும் திங்கட்கிழமைதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினாலும் எனக்குப் போதும். நீ சனிக்கிழமை சாயந்திரம் வந்துவிடுவாய், உன்னைக் கண்ணால் பார்த்து, ஒரு வேளை சோறு போட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே, ஒரு நாள்தானே என்று காலையிலிருந்து மனசு கெஞ்சிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். உன்னைப் பார்க்காமலே போகிறேன்.

உன் அம்மா